பாட்டுக்கும் பரீட்சைக்கும் நடுவே நம் பிள்ளைகள்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2024 ஜனவரியில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயது மாணவியர் மூவர் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு விட்டார்கள். எங்கே தெரியுமா? தென்கொரியாவுக்கு! பி.டி.எஸ். என்ற இசைக்குழுவினரை நேரில் பார்க்க வேண்டுமாம். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறி விடலாம் என்பது திட்டம். கையில் இருந்தது சுமார் 14,000 ரூபாய். சென்னை வரை போய்விட்டு, மனம் மாறித் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள்.

இந்தச் செய்தியைப் படித்து டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பெற்றவர்கள் அன்றிரவு எப்படித் துடித்திருப்பார்கள் என்று அப்போது நான் நினைக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படும் நாள் என் குடும்பத்திலேயே வந்தது.

நான் செய்த தவறு

என் தங்கை மகள் அப்போது பிளஸ் டூ மாணவி. வாப்பா சின்ன ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகள் டாக்டராக வேண்டும் என்பதற்காகக் கடை முதலிலேயே கைவைத்து நீட் பயிற்சிக்குப் பணம் கட்டியிருந்தார். அந்தப் பிள்ளைதான் ராத்திரி பதினொரு மணிக்குக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கொரியன் பாட்டுக் கேட்கிறது. மச்சான் என்னிடம் வந்து புலம்பினார். நான் என்ன சொன்னேன்? "போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுங்கள் மச்சான், எல்லாம் சரியாகி விடும்" என்றேன்.

பூட்டினார். சரியாகவில்லை. பிள்ளை வீட்டில் யாரிடமும் பேசுவதை நிறுத்தியது. சோறு இறங்கவில்லை. புத்தகம் திறந்திருக்கிறது, பக்கம் புரளவில்லை. தங்கை அழுதுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாட்டில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது: "மாமா, கண்ணை மூடினா 720 மார்க்தான் தெரியுது. எனக்குக் கிடைக்கலன்னா வாப்பா கடைய வித்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. அந்த அரை மணி நேரம் மட்டும்தான் அதை நினைக்காம இருந்தேன். அதையும் பூட்டி வெச்சிட்டீங்க."

சகோதரர்களே! பாட்டு நோய் என்று நாம் நினைத்தோம். நோய் அச்சம். அந்தப் பிள்ளை தானாகத் தேடிக்கொண்ட மருந்து பாட்டு. மருந்தைப் பிடுங்கினோமே தவிர, நோய் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை!

யார் இந்த ஏழு பேர்?

அதன் பிறகுதான் இவர்கள் யார் என்று நானே தேடிப் படித்தேன். ஏழு இளைஞர்கள். 2013 ஜூனில் ஒரு சிறிய நிறுவனத்தின் மூலம் அறிமுகமானவர்கள். அவர்களுடைய முதல் பாடலின் பெயர் 'நோ மோர் ட்ரீம்'. பெற்றோரும் பள்ளியும் காட்டிய வழியிலேயே ஓடும் மாணவனைப் பார்த்து, உன் சொந்தக் கனவு என்ன என்று கேட்கிற பாட்டு. நம் வீட்டுப் பிள்ளை அதில் போய் ஏன் விழுந்தது என்று புரிகிறதா?

அந்த நாட்டிலும் நீட் போல் ஒரு தேர்வு உண்டு. சுனூங் என்று பெயர். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிறது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று சுமார் 35 நிமிடம் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிறார்கள்! ஒரு பரீட்சைக்காக வானத்தையே நிறுத்துகிற நாட்டில் பிள்ளைகளின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்?

அந்த ஏழு பேருக்கும் எதிர்காலக் கவலை இருந்தது. உடல் தகுதியுள்ள ஆண்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ராணுவப் பணி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது, 2022 டிசம்பரில் அவர்களில் மூத்தவர் தலைமுடியை மழித்துக்கொண்டு முகாமுக்குப் போனார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 2025 ஜூனில்தான் கடைசி ஆளின் பணி முடிந்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் கடமையைச் செய்தார்கள். கடமை முடிந்த பின் பாட்டுக்குத் திரும்பினார்கள். இளைஞர்களே, நீங்கள் நேசிப்பவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது சிகை அலங்காரத்தை மட்டும்தானா?

வணிகர்களுக்குப் புரியும் கணக்கு

இங்கே வணிகர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எளிதில் விளங்கும் ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சிறிய நிறுவனம் 2020 அக்டோபரில் கொரியப் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. பாடல் தொகுப்பு விற்கிறார்கள். உள்ளே குழுவில் ஒருவருடைய படம் அச்சிட்ட அட்டை இருக்கும். யாருடைய படம் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தனக்குப் பிடித்தவரின் படம் வரும்வரை ரசிகர் வாங்கிக்கொண்டே இருப்பார். சரக்கு ஒன்று, விற்பனை பத்து! அவர்களை நான் குறை சொல்லவில்லை, அது வியாபாரம். ஆனால் பாட்டு உங்களுக்கு ஆறுதல், விற்பவருக்கு அது வரவு என்பதை இளைஞர்கள் மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நீதிக்கான போராட்டத்துக்கு இந்தக் குழு 10 லட்சம் டாலர் கொடுத்தது. செய்தி வெளியானதும் ரசிகர்கள் தங்களுக்குள் வசூலித்து, ஏறத்தாழ ஒரே நாளில் அதே அளவு தொகையைத் தாங்களும் திரட்டிக் கொடுத்தார்கள். ரசிகர் என்றாலே உருப்படாதவர் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு!

நாம் மட்டும் என்ன?

பெரியோர்களே, நம் வாலிபத்தை நினைத்துப் பாருங்கள். வெற்று கேசட் வாங்கி, காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிவு செய்ய நாம் அலையவில்லையா? அப்போது நமக்கு எதிர்காலம் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும்தான். சபராளியாகப் போன நம்மில் எத்தனை பேர், அறைக்கு எட்டுப் பேர் படுத்த இடத்தில், அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் கண்ணீரை அடக்கினோம்! நமக்கு ஆறுதலாக இருந்தது, பிள்ளைகளுக்கு மட்டும் குற்றமா?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். ரசனை என்பது வழிப்போக்கன் இளைப்பாறும் திண்ணை. உட்காருங்கள், மூச்சு வாங்குங்கள். ஆனால் பயணம் இருக்கிறது, எழுந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கேட்டபின் புத்தகத்துக்குத் திரும்ப முடிகிறது என்றால் அது உங்களுக்கு உதவுகிறது. மூன்று மணி நேரமாகியும் எழ முடியவில்லை என்றால் முதலே கரைகிறது. கடையில் பேரேடு எழுதுவது போல் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு பணம். மற்றவர் யாரும் கேட்க வேண்டாம், நீங்களே பாருங்கள்.

பெற்றோர்களே, போனைப் பூட்டும் முன் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" மருத்துவம் கிடைக்காவிட்டால் வேறு என்ன படிக்கலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். ஒரே வாசல்தான் என்று சொல்லி வளர்த்தால், அந்த வாசல் மூடியிருக்கும்போது பிள்ளை எங்கே போகும்?

மச்சான் அன்றே பீரோவைத் திறந்தார். போனைக் கையில் கொடுத்து, "கடை போனா இன்னொரு கடை பிடிச்சுக்கலாம், நீ போனா வாப்பா எங்கேம்மா போவேன்?" என்றார். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் பாட்டு என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மருத்துவ இடம் கிடைக்கவில்லை. இன்று அந்தப் பிள்ளை பிசியோதெரபி படிக்கிறது. கடையும் இருக்கிறது, பாட்டும் கேட்கிறது. ஏழு பேரின் பெயரையும் மச்சான் இப்போது தடுமாறாமல் சொல்கிறார்!

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். என்ன கேட்கிறாய் என்று விசாரியுங்கள். பாட்டு உங்களுக்குப் புரியாமல் போகலாம். உங்கள் பிள்ளை புரியும்.