வழி எங்கே?

கணக்கில் பிள்ளை விடையை மட்டும் எழுதி வந்தால், ஆசிரியர்களாகிய நாம் "வழி எங்கே?" என்று கேட்கிறோம். விடை சரியானாலும் வழியைக் காட்டாவிட்டால் முழுப் புள்ளி கிடையாது. இதே கேள்வியைப் பேரறிஞர்களிடமே கேட்கும் கணினி நிரல்கள் உண்டு. அவற்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

சந்தையில் ஆரஞ்சுப் பழங்களைக் கோபுரம்போல் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். கீழ்ப் பழங்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் மேல் பழம் உட்காருகிறது. ஒரே அளவான உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611-இல் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் கூறினார். ஆனால் நிரூபிக்கவில்லை.

1998-இல் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ், தாம் அதனை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள், அவற்றோடு ஏராளமான கணினிக் கணக்குகள். 12 அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். 99 விழுக்காடு சரி என்றார்கள். முழு உறுதி தர அவர்களால் இயலவில்லை.

அந்த ஒரு விழுக்காட்டுக்காக ஹேல்ஸ் நிரூபண நிரல்களை நாடினார். மனிதர் ஒரு படியைச் சொல்ல வேண்டும். அது தருக்க விதிக்கு உட்பட்டிருந்தால் நிரல் ஏற்கும்; இல்லையேல் மறுக்கும்.

சரி, அந்த நிரலே தவறினால்? இதற்கு 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் ஒரு வழி கண்டார். "நிரூபிக்கப்பட்டது" என்று முத்திரையிடும் உரிமையை நிரலின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே கொடுத்தார். மற்றப் பகுதிகள் தவறு செய்தாலும் பொய் முத்திரை விழாது. 1980-களில் கேம்பிரிட்ஜில் மைக் கோர்டன் இம்முறையில் ஹோல் என்ற நிரலை அமைத்து, கணினிச் சுற்றுகளின் வரைவுகளைச் சோதித்தார். பின்னர் ஜான் ஹாரிசன் ஆக்கிய ஹோல் லைட்டில் அச்சிறு பகுதி சில நூறு வரிகளே. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்துவிடலாம்.

ஹோல் லைட், இசபெல் ஆகிய நிரல்களின் துணையோடு, ஹேல்ஸ் குழுவினர் 2014 ஆகஸ்ட் 10-இல் வேலையை முடித்தனர். கெப்ளரின் கூற்று படிப்படியாக உறுதியாயிற்று.

பெற்றோர்களே! பிள்ளையின் கணக்கு நமக்குத் தெரியாதே என்று ஒதுங்கிவிடாதீர்கள். "இந்த வரி எப்படி வந்தது?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். விளக்கம் சொல்ல முடியாத இடத்தில் பிள்ளை தானே நிற்கும். திருத்த வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுவே.