நாம் உண்ணாத கனியும் நட வேண்டிய மரமே
(அட்சய திரிதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆதிபகவன் விருஷபதேவர் நெடுநாள் நோன்புக்குப் பின் சிரேயாம்ச மன்னரிடம் கரும்புச் சாற்றைத் தானமாக ஏற்ற திருநாள் இது. மக்களுக்கு உழவைக் கற்பித்த பெருமான், நிலம் தந்த இனிமையாலேயே நோன்பை நிறைவு செய்தார். ஆகவே நிலத்தில் எதை நடுவது என்று பேச இதனினும் ஏற்ற நாள் இல்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உழுது வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் பணிபுரிகின்றனர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் கார் உற்பத்தியைத் தொடங்கின. ஏரியும் வயலும் புதர்க்காடுமாக இருந்த நிலம் ஒரு தலைமுறைக்குள் உருமாறிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குக் களாக்காய் எது, இலந்தை எது என்று தெரியவில்லை. அதனால்தான் விடுமுறையில் அவர்கள் சில நாள் தங்கிப் பழக இப்பகுதியில் ஒரு முகாமிடம் வேண்டும் என்று பெற்றோர் கேட்கின்றனர். அந்த இடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே என் உரை.

முகாமிடம் என்றால் புதரை அழித்து, நிலத்தைச் சமன்செய்து, புல்தரை விரிப்பது இன்றைய வழக்கம். அவ்வாறு செய்தால் அங்கே பிள்ளைகள் காண எஞ்சுவது யாது? களா, சூரை, இலந்தை, காரை ஆகியவை இம்மண்ணுக்கே உரியவை. நாம் நீர் ஊற்றாமலே காய்ப்பவை. கொண்டைக்குருவிக்கும் கீரிக்கும் அவையே வீடு. எல்லையோரப் புதரையேனும் அப்படியே விட்டுவைப்போம்.

அடுக்களைக்கு முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, அவரை, புடலை, நெல்லி, நாவல், விளா ஆகியவற்றை நடலாம். இவை யாவும் வேரைத் தோண்டாமல் இலையும் காயும் தருபவை. ஐப்பசி மழைக்கு முன்பே நட்டுவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் நம் விரதம் சோதிக்கப்படும். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையும். ஊரார் தீப்பந்தம் காட்டி எரிப்பர். நாம் அதைச் செய்ய இயலாது. எனவே முருங்கையைப் படுக்குமிடத்துக்கும் நடைபாதைக்கும் தொலைவில் நடுவதே தக்கது. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் பச்சைப் புழு இலையைத் தின்னும், அதுவே வண்ணத்துப்பூச்சியாகும். இரண்டு கன்று போதுமென்றால் நான்காக நடுவோம். மருந்து தெளிக்க வேண்டிய தேவை எழாது.

அடுத்து, ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய ஐவகைப் பால்மரக் கனிகளை நாம் உண்பதில்லை. அவற்றினுள் உயிர்கள் உள்ளன என்று முன்னோர் விலக்கினர். தாவர நூலாரும் இதையே கூறுகின்றனர்: அக்கனிகளுக்குள் சிறு குளவிகள் பிறந்து வளர்கின்றன, அவையின்றி அம்மரங்கள் விதை கொள்ளா. நாம் உண்ணாததால் அம்மரம் நமக்கு வேண்டா என்று சிலர் கருதலாம். ஆனால் பிற மரங்கள் காய்க்காத காலத்திலும் பறவைக்கும் அணிலுக்கும் உணவளிப்பவை அவையே. விருஷபதேவர் கேவல ஞானம் எய்தியதும் ஆலின் அடியில் அன்றோ! கட்டடத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி ஓர் ஆலும் ஓர் அத்தியும் நடுவோம். நமக்கென நடுவது தோட்டம். பிறவுயிர்க்கென நடுவதே தானம்.

இத்தகைய தானம் வீண்போகாது என்பதற்கு மதுராந்தகம் அருகிலுள்ள வேடந்தாங்கல் சான்று. ஏரியின் கடம்ப மரங்களில் தங்கும் பறவைகளை அவ்வூர் உழவர் பல தலைமுறைகளாகக் காத்து வந்தனர். வேட்டையாட வந்தோரைத் தடுக்குமாறு ஆங்கில ஆட்சியாளரிடம் முறையிட்டு, 1798-இல் அதற்கான உரிமைச் சாசனமும் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியவை நஞ்சு. உண்ணத்தக்கதையும் தகாததையும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிய பின்னரே அவர்கள் எதையும் பறிக்க வேண்டும். நம் ஊர்ப் பாட்டிமார்க்கு இவ்வறிவு இன்னும் இருக்கிறது. அவர்களையும் முகாமுக்கு அழையுங்கள். அவர்களுக்குப் பின் இதைச் சொல்ல ஆளில்லை.

திருப்பருத்திக்குன்றத்துக் குராமரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் சமூகம் நாம். முகாமிடம் அமைக்க முன்வரும் பெரியோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தாமல் விடுங்கள். கட்டடத்தின் வரைபடம் போடுமுன் அந்தப் பங்கைக் குறித்துவிடுங்கள்.

அறம் வளர்க!