ஊர் மாறினாலும் இடது கால் மாறவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். என் வேலை கமிஷனிங். ஆலையில் மெஷின்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த ஊர், அடுத்த லாட்ஜ். கல்யாண வீட்டுக்குப் போனால் முதல் கேள்வியே, "தம்பி, இப்ப எங்க இருக்கீங்க?" என்பதுதான். 'இன்னுமா செட்டில் ஆகல?' என்ற பரிதாபம் அதற்குள்ளே ஒளிந்திருக்கும். ஆகவே என் கதை வேண்டாம். இந்தக் கேள்விக்கு என்னைவிட நீளமான பதில் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அலெஸ்ஸாந்த்ரோ டியமாந்தி. இத்தாலியக் கால்பந்து ஆட்டக்காரர். 1983-இல் ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பிராத்தோ என்ற நெசவு நகரத்தில் பிறந்தவர். 'டியமாந்தி' என்றால் இத்தாலிய மொழியில் வைரங்கள். ஆனால் யாரும் இந்த வைரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. கை மாறிக்கொண்டே இருந்தது. பிராத்தோ, அல்பினோலெஃபே, லிவோர்னோ, லண்டனில் வெஸ்ட் ஹாம், பிரெஷா, பொலோன்யா, சீனாவில் குவாங்ஜோ, ஃபியொரெந்தீனா, வாட்ஃபோர்ட், அத்தலாந்தா, பலேர்மோ, பெரூஜா, மறுபடி லிவோர்னோ, கடைசியில் ஆஸ்திரேலியா. மூச்சு வாங்குகிறது அல்லவா? இதுவும் முழுப் பட்டியல் இல்லை.

ஆள் சரியில்லாததால் துரத்தினார்களா என்றால், இல்லை. அவர் ஆடிய இடம் அப்படி. இத்தாலியில் அந்த இடத்துக்கு 'ட்ரெக்வார்த்திஸ்தா' என்று தனிப் பெயரே உண்டு. மைதானத்தை நாலாக மடித்தால் முக்கால் பங்கு முன்னே நிற்பவர் என்று பொருள். கோல் அடிப்பவருக்குப் பின்னால், நடுக்களத்துக்கு முன்னால். கடைசி பாஸ் கொடுப்பது, ஃப்ரீ கிக் அடிப்பது, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்வது இவர் பொறுப்பு. பந்து எதிரணியிடம் போய்விட்டால் இவரால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று பயிற்சியாளர்கள் நினைப்பார்கள். மிலான் அணியில் அரிகோ சாக்கி 1987 முதல் கொண்டுவந்த 4-4-2 முறையில் பத்துப் பேரும் சேர்ந்து நெருக்க வேண்டும். அந்த டிராயிங்கில் இந்த மனிதருக்குக் கட்டமே கிடையாது. நம் பாஷையில் சொன்னால், பார்ட் நல்ல பார்ட்தான், டிசைனில் அதற்கு ஸ்லாட் போடவில்லை.

பெரிய ஆட்களுக்கே இதுதான் கதி. ஜான்ஃப்ராங்கோ ஸோலாவை பார்மா அணி இடது ஓரத்துக்குத் தள்ள, அவர் 1996-இல் செல்ஸீக்குக் கிளம்பிவிட்டார். ரொபெர்த்தோ பாஜ்ஜோ 1997-இல் பொலோன்யாவுக்குப் போய் ஒரே சீஸனில் லீக்கில் 22 கோல் அடித்தார். கடைசி நாலு வருஷம் பிரெஷாவில் ஆடினார். பெரிய கிளப்புகள் 'சிஸ்டம்' பார்த்தபோது, சின்ன ஊர்கள்தான் 'வா ராஜா, உன் இஷ்டத்துக்கு ஆடு' என்றன. டியமாந்தி பின்னாளில் ஆடிய ஊர்களும் இதே பிரெஷா, பொலோன்யாதான். 2009-இல் அவர் வெஸ்ட் ஹாமுக்குப் போனபோது அங்கே மேனேஜராக இருந்தவர் ஸோலா. ஒரே வலி பட்டவர்களுக்குள் ஒரு புரிதல் இருக்கும் போலிருக்கிறது.

அந்த ஒரு வருஷத்தில் அவர் பெயர் எடுத்தார். அர்செனலுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய ஆட்டத்தில், பெனால்டியில் 2-2 ஆக்கியது அவர்தான். அணி 17-ஆவது இடத்தில் தொங்கிப் பிழைத்தது. ரசிகர்கள் வாக்களித்த ஆண்டின் சிறந்த வீரர் தேர்வில் ஸ்காட் பார்க்கருக்கு அடுத்த இடம் டியமாந்திக்கு. சீஸன் முடிந்ததும் ஸோலாவை நீக்கினார்கள். புது மேனேஜர் வந்தார். ஆகஸ்டில் டியமாந்தி பிரெஷாவில் இருந்தார். மேலதிகாரி மாறினால் என்ன நடக்கும் என்பதை இங்குள்ள அண்ணன்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், நம்மவர்களுக்குப் பிடிக்கும். இத்தாலியில் அப்போது ஒரு ஆட்டக்காரரை இரண்டு கிளப்புகள் பாதிப்பாதி சொந்தம் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதக் கெடுவுக்குள் பேசி முடிக்காவிட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு தொகை எழுதி உறையில் ஒட்டித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்கு முழு ஆள். சாட்சாத் நம்ம ஸீல்டு டெண்டர்! 2014-இல் ஒழித்தார்கள், நல்ல காரியம். 'அடுத்த வருஷம் எந்த ஊர்?' என்பது ஒரு கவருக்குள் இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் எந்த ஊரில் ஸ்கூல் தேடுவார்கள்?

இப்போது 2012 ஜூன் 24, கீவ் நகரம். யூரோ கால் இறுதி, இங்கிலாந்து எதிரே. பொலோன்யா ஆட்டக்காரரான டியமாந்தி 78-ஆவது நிமிஷம் கஸ்ஸானோவுக்குப் பதிலாக உள்ளே வந்தார். கூடுதல் நேரத்தில் அவர் வளைத்து அனுப்பிய பந்து கம்பத்தில் பட்டுப் போனது. 0-0. பெனால்டி. மொந்தொலிவோ தவறவிட்டார். பீர்லோ நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டார். உலகம் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் யங் மேல்கம்பத்தில் அடித்தார், கோல் அடித்ததை புஃபோன் பிடித்தார் (ஆஷ்லி கோலைச் சொல்கிறேன், வார்த்தை விளையாட்டு இல்லை!). ஐந்தாவதாக நடந்து வந்தவர் நம்ம ஆள். இடது கால். முடிந்தது, 4-2. இரண்டு வருஷத்துக்கு முன் லண்டனில் வேண்டாம் என்று விற்ற சரக்கு, இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியது.

இத்தாலிக்காக அவர் ஆடியது 17 ஆட்டம், அடித்தது ஒரே கோல். முதல் ஆட்டமே 27 வயதில்தான். அந்த ஒரே கோல் 2013-இல் பிரேசிலில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் மூன்றாமிடப் போட்டியில், உருகுவேக்கு எதிராக நேரடி ஃப்ரீ கிக். அதே ஆட்டத்தில் அவர் முதலில் அடித்த ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பி வர, அஸ்தோரி அதைக் கோலாக்கினார். இத்தாலி பெனால்டியில் ஜெயித்தது.

2014 பிப்ரவரியில் பொலோன்யா அவரைக் குவாங்ஜோவுக்கு விற்றது. அதே சீஸன் முடிவில் பொலோன்யா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்காக அவர் இருந்தால் அணி இறங்காது என்று சொல்ல வரவில்லை. பிரெஷா அவர் இருந்தபோதே இறங்கியது. பலேர்மோவும் அப்படித்தான். குவாங்ஜோவில் மார்ச்செல்லோ லிப்பியின் கீழ் 2014 லீக் பட்டம் கிடைத்தது. பிறகு நாலைந்து வருஷம் பாதி சீஸன், கால் சீஸன் என்று பெட்டி தூக்கிய காலம். அதில் சொல்ல அதிகம் இல்லை.

2019-இல், 36 வயதில், மெல்பர்ன் பக்கத்தில் அப்போதுதான் தொடங்கிய வெஸ்டர்ன் யுனைடெட் என்ற கிளப்புக்குப் போனார். 'ரிடையர்மென்ட் டூர்' என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். முதல் சீஸனிலேயே ஆஸ்திரேலிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஜானி வாரன் பதக்கம் அவருக்கு. 2022 மே மாதம் இறுதிப் போட்டியில் மெல்பர்ன் சிட்டியை 2-0 என்று வென்று அந்தப் புது கிளப் சாம்பியன் ஆனது. 2023-இல்தான் ஆட்டத்தை நிறுத்தினார், ஏறக்குறைய நாற்பது வயதில்.

தம்பிகளே, இன்டர்வியூவில் 'ஏன் இத்தனை கம்பெனி?' என்று உங்களையும் ஒரு நாள் கேட்பார்கள். எனக்கும் இந்த மாதம் ஒரு இன்டர்வியூ இருக்கிறது. செயலாளர் மூன்றாவது சீட்டு அனுப்பிவிட்டார், சாப்பாடு ஆறுகிறதாம்.