புயலின் நடையும் மழையின் அளவும்



புயல் வருகிறது என்றதும், "காற்று எவ்வளவு வேகம்?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். கூரையையும் தென்னையையும் எண்ணுவோருக்கு அது நியாயமான கேள்வியே. ஆனால் ஏரிக்கரையையும் சம்பாப் பயிரையும் காக்க வேண்டியவர்கள் மற்றொன்றையும் கேட்டாக வேண்டும்: "புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது?"

இவ்விரண்டும் வேறு வேறு. பம்பரம் சுழல்வது ஒரு வேகம். சுழன்றவாறே இடம்பெயர்வது மற்றொரு வேகம். ஒரு புயலின் மழைமேகம் 240 கிலோமீட்டர் அகலம் என்று கொள்வோம். மணிக்கு 24 கிலோமீட்டர் நகர்ந்தால், 10 மணி நேரத்தில் அது நம் ஊரைக் கடந்துவிடும். 8 கிலோமீட்டரே நகர்ந்தால் 30 மணி நேரம் ஆகும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலும், முன்னதில் 10 சென்டிமீட்டர். பின்னதில் 30 சென்டிமீட்டர்!

புயலை நகர்த்துவது அதனைச் சூழ்ந்து உயரத்தில் வீசும் காற்றோட்டம். அது வலுவிழந்தாலும், எதிரெதிர்த் திசைகளிலிருந்து தள்ளினாலும் புயல் தயங்கி நின்றுவிடும். கரையோரமாக நிற்கும் வரை, கடலின் ஈரக்காற்று அதற்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே மழையும் ஓயாது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. அதன் காற்று தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஆயினும் அது நிற்காமல் மேற்கே விரைந்து சென்றுவிட்டது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், காற்றின் வலிமையில் கஜாவுக்குக் குறைந்ததே. ஆனால் அது பல மணி நேரம் அங்கேயே நின்றது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டரும், புதுச்சேரியில் 49 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. அதற்கடுத்த நாள், கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்! சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் யாது? "புயல் மெதுவாக நகர்கிறது", "ஒரே இடத்தில் நிலைகொண்டுள்ளது" என்று வானிலை அறிக்கையில் கேட்டால், காற்று குறைவு என்று அசட்டையாக இருத்தல் கூடாது. ஏரியின் கலிங்கையும் வரத்துக் கால்வாயையும் அடைப்பின்றி வைத்திடுக. கரையின் பலவீனமான இடங்களுக்கு மணல் மூட்டைகளைச் சேகரித்திடுக. வயலின் வடிகாலைத் திறந்துவிடுக. மேலுரம் இடுவதை ஒத்திவைத்திடுக. தாழ்வான இடங்களிலுள்ள மக்களையும் கால்நடைகளையும் இருட்டுவதற்கு முன்பே மேட்டுக்குக் கொண்டு செல்க. கரை கடந்துவிட்டது என்றவுடன் காவலை விலக்காதீர். உள்நாட்டு ஊர்களுக்கு அதன் பின்னரே பெருமழை வரக்கூடும்.

அடுத்த அறிக்கை வரும்போது, காற்றின் வேகத்தோடு புயலின் நடையையும் குறித்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். அந்த ஓர் எண் ஓர் ஊரையே காக்கக்கூடும்.