கடலோரத்தில் ஓர் ஏணி மொழி



சென்னையிலிருந்து கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போனால் வழியில் நெம்மேலி வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள் அங்கே இருக்கின்றன. 2013-இல் திறந்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் திறந்ததற்கு 15 கோடி லிட்டர்.

கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே பலத்த அழுத்தத்தில் தள்ள வேண்டும். உப்பு இந்தப் பக்கம் தங்கும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வரும். ஆனால் அழுத்தம் கொடுக்கும் பம்பை நினைத்த நேரத்தில் ஓட்டிவிட முடியாது. தண்ணீர் வந்து சேர்ந்திருக்க வேண்டும், வால்வு திறந்திருக்க வேண்டும், மோட்டார் சூடேறாமல் இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் உடனே நிறுத்தியாக வேண்டும்.

இத்தகைய ஆலைகளில் இரவு பகலாக இதைக் கவனிப்பது பி.எல்.சி. என்ற சிறு கணினி. கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்தால், வரிசையாக வயர் செருகிய பெட்டியாக அது தெரியும். மறைமலைநகர், மகேந்திரா சிட்டி பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய பெட்டி. அதற்குக் கட்டளை எழுதும் மொழிகளில் பரவலான ஒன்றை வரிவரியாகத் தட்டச்சு செய்வதில்லை, படமாக வரைகிறார்கள். இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள், நடுவே படிப்படியாகக் குறுக்குக் கோடுகள். பார்க்க ஏணி மாதிரி இருப்பதால் அதற்கு லேடர் என்றே பெயர்.

ஒரே ஒரு படியை மட்டும் மனக்கண்ணில் வரைந்து பாருங்கள். இடது ஓரத்தில் ஸ்டாப் பட்டன், அடுத்து ஸ்டார்ட் பட்டன், வலது ஓரத்தில் மோட்டார். ஸ்டாப்பைத் தொடாதவரை அது கரண்டுக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டை அழுத்தினால் வழி முழுமையாகி மோட்டார் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடாதா? நிற்காது. ஸ்டார்ட் பட்டனுக்குக் கீழே ஒரு கிளைவழி வரைந்திருப்பார்கள். மோட்டார் ஓடினால் அந்தக் கிளை தானாகச் சேர்ந்துகொள்ளும். ஓடுகிற மோட்டாரே தன் வழியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்டாப்பை அழுத்தினால் வழி அறுந்து மோட்டார் நிற்கும்.

கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தால்? மோட்டார் நின்றதுமே கிளைவழியும் விட்டுப்போயிருக்கும். யாராவது வந்து ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் மீண்டும் ஓடும். கரண்ட் இல்லாத நேரத்தில் எந்திரத்துக்குள் கைவிட்டுச் சரிபார்க்கும் தொழிலாளியின் விரல்களை இந்தச் சின்னக் கிளை காப்பாற்றுகிறது.

இந்த மொழி பிறந்தது அமெரிக்கக் கார் ஆலைகளின் தேவையால். அங்கே எந்திரங்களை நடத்தியவை ரிலே என்னும் மின்சுவிட்சுகள். கார் மாடல் மாறும்போதெல்லாம் ஏராளமான ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு மாற்று வழி கேட்டது. டிக் மோர்லி என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற பி.எல்.சி.யை உருவாக்கினார்கள். அது அவர்களது 84-வது திட்டம் என்பதால் அந்த எண்.

புதிய கணினியைக் கொண்டுவந்தவர்கள் எலக்ட்ரீசியனைப் பார்த்து, "போய்ப் புது மொழி படித்துவிட்டு வா" என்று சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கையில் வைத்திருந்த ரிலே வரைபடத்தையே கணினியின் மொழியாக்கினார்கள். நடுராத்திரியில் எந்திரம் நின்றுபோனால் சரிசெய்ய வருகிறவர் அவர்தானே? இன்றும் லேப்டாப்பை பி.எல்.சி.யோடு இணைத்துப் பார்த்தால், வழி உள்ள இடம் திரையில் நிறம் மாறித் தெரியும். எங்கே நிறம் நிற்கிறதோ, கோளாறைத் தேட வேண்டிய இடம் அது. பி.எல்.சி. மொழிகளுக்கென 1993-இல் வந்த சர்வதேசத் தரமும் லேடரைச் சேர்த்துக்கொண்டது.

பள்ளிப் பிள்ளைகள் ஸ்கிராட்ச் என்ற கணினி மொழியில் வண்ணக் கட்டைகளை அடுக்கிக் கணினிக்குக் கட்டளை சொல்லிப் பழகுகிறார்கள். அதனால் படமாக எழுதுவது குழந்தைகளுக்கான தொடக்கப் பாடம் என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஸ்கிராட்ச் வெளியானது 2007-இல். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படமொழி ஆலைகளில் வேலைக்கு வந்துவிட்டது.

பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து எழுதுவதுதான் புரோகிராம் என்று நினைக்கிறோம். திருக்கழுக்குன்றத்திலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து, பேனலுக்கு முன்னால் நின்றபடி ஒரு படியைத் திருத்தும் இளைஞர் செய்வதும் அதே வேலைதான். அவர் திருத்தம் தவறினால் தண்ணீர் நிற்கும், ஆளுக்கும் ஆபத்து. அந்தப் பொறுப்புக்கு உரிய மதிப்பை நாம் தர வேண்டும்.

படத்துக்கு ஆங்கிலம் தேவையில்லை. ஸ்டார்ட், ஸ்டாப், மோட்டார் என்று பட்டறையில் புழங்கும் சொற்களே போதும். விளக்கத்தை முழுக்கத் தமிழிலேயே சொல்லித் தரலாம். உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ மின்பிரிவில் படித்தால், லேடர் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். பாடம் இருக்கிறது என்றால், பி.எல்.சி.யில் கைவைத்துப் பழக விடுகிறார்களா என்றும் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.