மலைமேற் போட்ட பழி

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் செல்லும் மலைப்பாதையில் வாகனம் செலுத்துவோருக்கு ஓர் அனுபவம் உண்டு. வானொலியைத் திறந்தால் செய்தியும் பாட்டும் தெளிவாகக் கேளாமல், கரகரவென்ற இரைச்சலே மேலோங்கி நிற்கும். பழி உடனே நமுனுகுல மலைமீது விழும். மலை சில வேளைகளிற் குற்றவாளிதான். ஆயினும் பல வேளைகளில் உண்மைக் குற்றவாளி வண்டியின் போனட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

1887ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை முதன்முதலில் ஆய்வுகூடத்திற் பிறப்பித்தது மின்பொறியைக் கொண்டேயாகும். பெற்றோல் எஞ்சினின் பிளக்கிலே தெறிப்பதும் அத்தகைய பொறியே. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, விநாடிக்கு 100 பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையம்! மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் வீச்சே ஒலியைச் சுமந்து வருவதால், பொறியின் அதிர்வும் அதனோடு கலந்துவிடுகிறது. 1933இல் ஆம்ஸ்ட்ரோங் காப்புரிமை பெற்ற பண்பலை முறை இத்தொல்லைக்கு எளிதில் இடங்கொடாது. ஆனால் பண்பலை மலையை வளைந்து கடப்பதிற் பின்தங்கியது. மலை மறைவிலே மங்கிவிடும்.

ஆகவே, குற்றவாளியை முதலிற் கண்டறிய வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வானொலியை மட்டும் இயக்குக. அப்போதும் இரைச்சல் இருந்தால், காரணம் மலை மறைவாகவோ அருகிலுள்ள மின்கம்பியாகவோ இருக்கலாம். எஞ்சினை இயக்கியதும் 'டிக் டிக்' என்ற ஒலி எழுந்து, வேகத்தோடு விரைவுபட்டால், அது பிளக்கின் வேலை. வேகத்தோடு சுருதி ஏறும் ஊளை போன்ற ஒலியாயின், மின்னாக்கியாகிய ஒல்டனேட்டரையே சந்தேகிக்க வேண்டும். தோட்டத்துக் கொழுந்து லொறி டீசலில் ஓடுவதாயின் அதற்குப் பிளக்குப் பொறி கிடையாது. ஆனால் ஒல்டனேட்டர் உண்டு. வைப்பரையும் மின்விசிறியையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதும் நன்று. இக்காலத்தில் மலிவான கைப்பேசி மின்னேற்றியும் எல்.ஈ.டி. விளக்கும்கூட இரைச்சலைத் தருகின்றன. அவற்றைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

அடுத்து, ஏரியல் கம்பியை வானொலியிலிருந்து கழற்றுக. இரைச்சல் மறைந்தால் அது ஏரியல் வழியாக வந்தது. மறையாவிட்டால் மின்சாரக் கம்பி வழியாக வந்தது. வழி தெரிந்தபின் பரிகாரம் கடினமன்று.

பனியும் மழையும் மிகுந்த ஊவா மலைகளில் முதலிற் பார்க்க வேண்டியது துருவையே. ஏரியலின் அடிப்பாகம் வண்டியின் இரும்புடலோடு நன்கு பொருந்தியிருக்க வேண்டும். துருவைச் சுரண்டி இறுக்கினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடுவதுண்டு. போனட்டை உடலோடு பின்னற் கம்பியால் இணைத்தால், அது பொறியின் அலைகளை மறைக்கும் திரையாகும். எஞ்சினுக்கு ஏற்ற, தடையுள்ள பிளக்குகளும் கம்பிகளும் பொறியின் அதிர்வை அடக்கும். அவற்றால் எஞ்சினின் வலு குறையாது. ஒல்டனேட்டரின் ஊளைக்கு, அதன் வெளியீட்டு முனைக்கும் உடலுக்குமிடையே தகுந்த கொண்டென்சர் ஒன்றைப் பொருத்துவதுண்டு. இதனைப் பழகிய மின் தொழிலாளியிடமே ஒப்படைக்க வேண்டும். வானொலிக்கு மின்சாரத்தைப் பற்றரியிலிருந்தே பியூஸ் வைத்த தனிக் கம்பியாற் கொண்டுவருவதும் பயன் தரும்.

இவை யாவும் பாட்டுக் கேட்கும் இன்பத்துக்காக மட்டுமல்ல. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்களை மூடி, உயிர்களைப் பலிகொண்டது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கிறது. அந்தச் சொற்கள் மலைப்பாதையிற் செல்லும் சாரதியின் செவிக்கு எட்டினால், அவர் வண்டியைத் திருப்பலாம். வழியிலுள்ள லயத்துக்குச் செய்தியையும் கொண்டு செல்லலாம். எச்சரிக்கை ஒலிபரப்பாகியும் கரகரப்பில் அமிழ்ந்துபோனால், அது சொல்லப்படாததற்கே சமம்.

மலையை அசைக்க மனிதனால் இயலாது. துருப்பிடித்த ஓர் ஆணியைச் சுரண்டி இறுக்க எவராலும் இயலும். மழைக்காலம் தொடங்குமுன் அதற்கென அரைமணி நேரம் ஒதுக்குவது அறிவுடைமை.