புழக்கடைப் பள்ளமும் ஜலம் போகும் வழியும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கென எழுதப்பெற்ற பிரசங்கம்)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை ஓய்ந்து நான்கு நாட்கள் சென்ற பின்னரும், பல வீடுகளின் புழக்கடையில் ஒரு மூலையில் ஜலம் தேங்கி நிற்கக் காணலாம். சுவர் வைப்பதற்காக என்றோ மண் வெட்டிய குழி, நாளடைவில் வீட்டின் குட்டையாகிவிடுகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர் 1897-ம் ஆண்டில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். வெப்பமான காலத்தில் கொசு முட்டை ஏறக்குறைய 10 நாட்களில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஆதலால் ஒரு வாரம் நிற்கும் ஜலத்தை அற்பமென்று எண்ணலாகாது.

பள்ளத்தை மூடுவது எளிது. மூடிய பின் அந்த ஜலம் எங்கே போகும் என்பதை முன்னரே தீர்மானிப்பதுதான் முக்கியம். ஒருவர் நான்கு வண்டி மண் கொட்டித் தம் கொல்லையை மேடாக்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொல்லை உலர்ந்தது. அடுத்த மழையில் ஜலம் வேலியைக் கடந்து அண்டை வீட்டாரின் மண்சுவர் அடியில் நின்றது. சுவர் ஊறிச் சரிந்தது. ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நின்ற அங்கத்தினர் இருவர், முகங்கொடுத்துப் பேசாதவராயினர். பள்ளம் ஒழியவில்லை, வேலிக்கு அப்பால் குடிபோயிற்று, அவ்வளவே.

ஆகவே முதல் வேலை மண்வெட்டி எடுப்பதன்று. மழை பெய்யும்போதே குடையுடன் நின்று, ஜலம் எங்கிருந்து வருகிறது, எவ்வழி போக முயல்கிறது என்று பார்த்து முளைகள் அடித்துக்கொள்ள வேண்டும். கூரை ஜலம் அவ்விடத்தில் விழுவதே காரணமாயின், அதைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடியும்.

பின்னர் கோடையில், பள்ளத்திலிருந்து தெரு வாய்க்கால் வரையில் கயிறு கட்டி, ரசமட்டம் வைத்து வாட்டம் பார்க்க வேண்டும். 10 அடி தூரத்திற்கு இரண்டரை அங்குலமாவது தாழ்வு வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் 10 அடியில் 6 அங்குலம் தாழ்வு இருப்பின் மிக நன்று. வாய்க்கால் பள்ளத்தைவிட மேடாயிருந்தால், மண்ணிட்டு அதற்கு மேலாக உயர்த்தியே தீரவேண்டும்.

20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி 1 அடி ஆழமுள்ள பள்ளத்திற்கு 200 கன அடி மண் வேண்டும். இடித்தபின் மண் அமுங்குமாதலால், அதற்கும் கூடுதலாகவே சேகரிக்க வேண்டும். இதற்கென வேறோரிடத்தில் குழி தோண்டுவது, ஒரு கொசுக் குட்டையை மூட இன்னொன்றை உண்டாக்குவதாகும். இடிந்த குட்டிச்சுவர் மண் இதற்கு ஏற்றது. ஏரி வண்டல் வேண்டுமாயின் அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். குப்பையும் வைக்கோலும் கொட்டி மூடினால், அவை மக்கியதும் பள்ளம் திரும்பிவிடும். களிமண் பள்ளத்தில் வெறும் மணலை நிரப்பினால், சட்டியில் நிற்பதுபோல் ஜலம் அடியில் மறைந்து நிற்கும். சுற்றிலும் உள்ள மண்ணை ஒத்த மண்ணே தக்கது.

பள்ளத்தின் புல்லையும் மேல்மண்ணையும் எடுத்துத் தனியே வைத்து, அடித்தரையைக் கொத்திவிட வேண்டும். 6 அங்குலத்திற்கு ஒரு படையாக மண் பரப்பி, இலேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். கடைசியில் எடுத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, அமுங்குவதற்கு இடமளித்துச் சற்று உயரமாகவே விட வேண்டும். வீட்டுச் சுவரின் மீதோ மரத்தின் அடிமரத்தின் மீதோ மண் ஏறலாகாது. வாட்டம் கிணற்றை நோக்கியும் இருக்கலாகாது. முதல் மழைக்குப் பின் தாழ்ந்த இடத்தில் மீண்டும் மண்ணிட்டுச் சரிசெய்யலாம்.

அங்கத்தினர்களே! ஒரு வீட்டின் ஜலம் பல வீடுகளைத் தாண்டியே வாய்க்காலை அடைகிறது. வரிசையில் ஒருவர் வழியை அடைத்தாலும் எல்லோர் கொல்லையும் நனையும். எனவே மண் வண்டி வருமுன் அண்டை வீட்டாரை அழைத்து, கயிற்றின் மறுமுனையை அவர் கையில் கொடுங்கள். வாட்டத்தை இருவரும் சேர்ந்து பார்த்தால், சுவரும் நிற்கும், சிநேகமும் நிற்கும்.